நைனா ஓட்டிய கார்

1

போன திங்கட்கிழமை டோனா புதுக் காரில் ஆபீசுக்கு வந்தார். நியூ ஜெர்சியில் நான் வேலை செய்யும் கிடங்கில், கணக்குப் பிரிவில், எனக்கு எதிர் மேஜை அவருடையது. அவருடைய முந்தின காரும் பழசு இல்லை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ இடிக்கிற மாதிரி உலுக்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், வரும், மறுபடியும் உலுக்கும்.

"அந்தக் கார் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்," என்றார், அளவு சேராத செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி. "அது ஒரு லெமன்."

ஓயாமல் பழுதாகிற புது வண்டிக்கு இங்கே எலுமிச்சம்பழம் என்று பேர். அதற்கென்று சட்டமே இருக்கிறது. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்து, அவர்களால் சரிசெய்ய முடியவில்லை என்றால், கம்பெனி வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். டோனா நாலைந்து போன் பேசினார், சில தாள்களை அனுப்பினார், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்துக்கு எல்லோருக்கும் டோனட் வாங்கி வைத்திருந்தார்.

என்னால் சாப்பிட முடியவில்லை. மத்தியானம் போய் என் காரில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமாக வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

டோனாவுக்குச் சில மாதத்தில் கிடைத்ததை என் நைனா கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு கேட்டார். கேட்டது கிடைக்கவும் செய்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதை, கும்மிடிப்பூண்டி-சென்னை ரோட்டில் தினமும் போய் வருகிற, என் ஊர்க்காரர்களான உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

2

நைனா முனிரத்தினம், சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யாருக்கு அரை நாள் சம்பளம் பிடிக்க வேண்டும் என்பதைப் பார்க்கிற வேலை. அந்த வேலையில் இருந்ததாலோ என்னவோ, அவர் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. சத்தமாகப் பேசியும் நான் கேட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு முறை சென்னைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது மின்சார ரயில் பரவாயில்லை. திரும்பும்போதுதான் கஷ்டம். தலை சுற்றும், வாந்தி வரும், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோது நைனா கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

"பாபு, நான் வண்டி கத்துக்கினு இருக்கேன்."

"எந்த வண்டி?"

"கார்தான். ஸ்கூல்ல சேந்துட்டேன். பசங்கள்லாம் சிரிக்கிறானுங்க. சிரிக்கட்டும்."

அப்போது அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. சுனாமி வந்த வருஷத்து ஆவணியில், புதுக் கார் ஒன்று வாங்கினார். எங்கள் குடும்பத்தில் முதல் கார். நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை ஓட்டிப் போனாராம். பின்சீட்டில் அம்மாவுக்கு ஒரு தலையணை, ஒரு போர்வை, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா. எல்லாவற்றையும் அவரே பார்த்து வைத்தார்.

"உங்கப்பா ஓட்டும்போது தூக்கமே வருது பாபு," என்று அம்மா சொன்னாள். "அவ்ளோ மெதுவா போறாரு."

3

முதல் தடவை காரனோடை பாலத்தின்மேல் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழி. நல்ல வெயில். லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்க, எந்த அறிகுறியும் காட்டாமல் இன்ஜின் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் உறுமுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் இறங்கித் தள்ளி ஓரமாக விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நல்ல வெயிலில், வண்டிகள் நெருக்கமாக ஊர்கிற இடத்தில், அதுவும் அம்மா மிகவும் துவண்டிருக்கும் திரும்பும் பயணத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். தச்சூர் கூட்டுரோடு, செங்குன்றம், கவரப்பேட்டை. தச்சூரில் ஒரு டீக்கடைக்காரர், எங்கள் கார் நிற்பதைப் பார்த்தாலே அம்மாவுக்கு நாற்காலி எடுத்துப் போடுவாராம்.

ஒவ்வொரு முறையும் நைனா சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் விட்டார். பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். சென்சார் என்றார்கள், மாற்றினார்கள். பேட்டரி மாற்றினார்கள். வயரிங் முழுக்கப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு தடவைகூட நிற்கவில்லை. காலையில், வெயில் ஏறுமுன், காலியான ரோட்டில் ஓட்டினால் எப்படி நிற்கும்?

கடைசியில் கம்பெனியிலிருந்தே ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். தினேஷ் என்று பேர். சின்ன வயசு, மரியாதையான பையன். கவரப்பேட்டைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, நைனாவிடம் கேட்டிருக்கிறான்.

"சார், எத்தனை வருஷமா வண்டி ஓட்றீங்க?"

நைனா உள்ளதைச் சொன்னார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து வந்த பதிலில், வாகனத்தில் குறை எதுவும் தென்படவில்லை என்றும், ஓட்டுபவர் கிளட்சைக் கையாளும் பழக்கம் காரணமாக இருக்கலாம் என்றும் போட்டிருந்தது.

நான் இங்கிருந்து கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரே என்று தொடங்கி ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும். காலிங் கார்டு போட்டு அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், எதிர்முனையில் ஒரு பெண், வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்பாள். இந்தியாவில் என்பேன். நீங்கள் எங்கே என்பாள். அமெரிக்காவில் என்பேன். அப்படியானால் வண்டியின் உரிமையாளரைப் பேசச் சொல்லுங்கள் என்பாள்.

இந்த ஊர்ச் சட்டத்தை அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஆர்வத்தோடு நைனாவிடம் சொன்னேன். "இங்க இதுக்கு லெமன்னு பேரு நைனா. கம்பெனியே திரும்ப எடுத்துக்கணும்."

"பழம் நாலுந்தான் வெச்சேன் பாபு. ஒண்ணு சரியா நசுங்கலன்னு உங்கம்மா கூட சொன்னா," என்றார்.

விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்குமேல் இங்கிலீஷாக வந்தது. "தமிழ்ல சொல்லு," என்றார்.

அம்மா நைனாவைக் குறை சொல்கிறவள் இல்லை. ஆனால் உடம்பு முடியாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கம்பெனி அப்படி எழுதியபிறகு, வண்டி வேகம் குறைகிற இடத்திலெல்லாம் பின்னாலிருந்து, "கிளட்ச்ச பாத்து வுடுங்க," என்று சொல்ல ஆரம்பித்தாள். நைனா சரி, சரி என்பார். வண்டி நிற்கும்.

ஒரு நாள் போகும்போதே நின்றுவிட்டது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் முறையில் வேறு ஆளைப் படுக்கவைத்துவிட்டார்கள். அடுத்த நாள் வரச் சொன்னார்கள். வீங்கிய காலோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, அம்மா மெதுவாகச் சொன்னாளாம்.

"இனிமே பஸ்லயே போலாங்க. உங்களுக்கும் பேஜாரு."

கோபமாகச் சொன்னதில்லை. அதைத்தான் நைனா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "கோவமா சொல்லல பாபு. பாவம்னு சொன்னா."

4

வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நைனா திருவள்ளூர் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். ஹேமலதா என்று ஒரு வக்கீல், வாத்தியார் வீட்டுப் பெண், நைனாவை ஐயா என்றுதான் கூப்பிடுவார். வாய்தா நாளில் நைனா பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போவார். கம்பெனி வக்கீல் தேதி கேட்பார். நைனா திரும்பி வருவார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு டிரைவரோடு வாடகை வண்டி பேசியிருந்தார். எங்கள் கார் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது.

அம்மா இறந்தது அந்தக் காரினால் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் வேறுமாதிரி பேசினார்கள். கையில் குழாய் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து போனாள். அந்த வாரம் நான் இங்கே விசா மாற்றத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று இங்குள்ள விசா வக்கீல் சொல்லியிருந்தார். காத்திருந்தேன். அவள் போன செய்தி வந்தபிறகு, நடப்பது நடக்கட்டும் என்று கிளம்பினேன். ஐஸ் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள்.

காரியம் முடிந்து ஊரில் சில நாள் இருந்தபோது, பஜாரில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்னை நிறுத்தினார். துக்கம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

"உங்கப்பா மறுபடியும் எங்கிட்ட வந்து சேந்தாரு சார், தெரியுமா? போன வருஷம். நீங்க லைசென்ஸ் வாங்கிட்டீங்களே, எதுக்குன்னேன். மொதல்லேந்து கிளட்ச் மட்டும் சொல்லிக் குடுன்னாரு. ஒரு மாசம் வந்தாரு."

"எப்படி ஓட்டினார்?"

"அவர் நல்லாத்தான் சார் ஓட்டுவாரு. நானும் சொன்னேன். நம்பல."

நைனா இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ரேஷன் கடைக்கு, வங்கிக்கு என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கு அவரிடம், கேஸை விட்டுவிடலாம் நைனா, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம், யாருக்காக இனி என்றேன். "நடக்கட்டும்," என்றார். போன பணத்துக்காகத்தான் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, விசா கிடைத்ததும் விமானம் ஏறினேன்.

என் மகள் நித்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை போனில், "பாட்டி, நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா," என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். அம்மா அதற்கே பூரித்துப்போவாள். அம்மா போனபிறகு, தாத்தாவிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை நீட்டினால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள். நைனாவும் வற்புறுத்த மாட்டார். "படிக்கட்டும், படிக்கட்டும்," என்பார்.

5

மேலும் இரண்டு கோடை போனது. ஒரு நாள் ஹேமலதாவின் அறையிலிருந்து நைனா எனக்குப் பேசினார். கம்பெனி சமாதானத்துக்கு வந்திருந்தது. வண்டியை எடுத்துக்கொள்கிறார்கள், விலையில் பெரும்பகுதியைத் தருகிறார்கள். ஆனால் வண்டியில் குறை இருந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு வரி இருக்கும்.

"அந்த வரிய எடுக்கச் சொல்லு பாபு," என்றார்.

வக்கீல் போனை வாங்கினார். "சார், நீங்க எடுத்துச் சொல்லுங்க. எல்லா கம்பெனியும் அப்படித்தான் எழுதுவாங்க. அந்த வரி இல்லாம கையெழுத்துப் போட மாட்டாங்க."

"நைனா, நாம கேட்டது கிடைச்சிடுச்சு. அந்த வரியில என்ன இருக்கு?"

பின்னால் டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வண்டில கோளாறா, என் கால்ல கோளாறான்னு எனக்குத் தெரியணும் பாபு," என்றார். "அவள அத்தினி தபா வெயில்ல ஒக்கார வெச்சது நானா, வண்டியா? அது ஒண்ணுதான். மத்தபடி டப்பு எதுக்கு எனக்கு?"

இத்தனை நாள் அவர் திருவள்ளூருக்குப் பஸ் ஏறியது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டிதான் நைனா, சந்தேகமே இல்லை என்றேன். "நீ பாக்கலியே," என்றார். அது உண்மை.

கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஹேமலதா கேட்டுக்கொண்டதற்காகப் போட்டார் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் திதிக்காக நான் ஊருக்கு வந்திருந்த வாரத்தில் வண்டியை எடுத்துப்போக ஆள் வந்தது. வந்தது அதே தினேஷ். மீசை வைத்திருந்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தான். செங்குன்றத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய யார்டுக்கு ஓட்டிப்போக வேண்டும், உரிமையாளர் அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றான். கையோடு கொண்டுவந்த புது பேட்டரியை மாட்டி அவனே ஓட்டினான். நான் முன்னால் உட்கார்ந்தேன். நைனா பின்சீட்டில் ஏறினார். அம்மாவின் தலையணையை முந்தின நாளே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டிருந்தார்.

சித்திரை வெயில். ரோட்டை அகலப்படுத்த இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தார்கள். கவரப்பேட்டை தாண்டியதும் லாரிகள் நெருங்கி ஊர ஆரம்பித்தன. தச்சூர் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தினேஷின் கையில், வண்டி அணைந்தது.

அவன் சாவியைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். பின்னால் ஹாரன். அவன் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. பின்சீட்டிலிருந்து நைனா நிதானமாகச் சொன்னார்.

"இப்ப வராது தம்பி. ஓரமா தள்ளிட்டு பானெட்ட தொறந்து வுடுங்க. சூடு எறங்குனா தானா வரும்."

மூன்று பேரும் தள்ளினோம். நிழலில் நின்றோம். நைனா போய் மூன்று கிளாஸ் மோர் வாங்கி வந்தார். தினேஷ் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். அவன் யாருக்கோ போன் செய்யப்போகிறான் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"சார்," என்றான். "அன்னிக்கு நான் காலையில வந்து ஓட்டினேன். நிக்கல. அதான் அப்படி எழுதினேன்."

"சரி தம்பி."

"உங்க மேல தப்பு இல்ல சார். வண்டிதான்."

நைனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சங்கடப்பட்டுக் கீழே பார்த்தான்.

"இன்னொரு தபா சொல்லுங்க தம்பி," என்றார்.

"வண்டிதான் சார். நீங்க இல்ல."

நைனா தலையை ஆட்டினார். டீக்கடை வாசல்வரை நடந்துபோனார். அங்கே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தினேஷ் சாவியைத் திருப்ப, இன்ஜின் சுலபமாக ஸ்டார்ட் ஆனது. நைனா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து ஏறினார்.

யார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினோம். வழியில் ஒன்றுதான் சொன்னார். "நல்ல பையன். சொன்னானே."

6

நைனா அதற்குப் பிறகு வண்டி எதையும் தொடவில்லை. தனியாகத்தான் இருக்கிறார். இங்கே வந்துவிடுங்கள் என்றால், குளிர் ஒத்துக்காது என்பார்.

நித்யாவுக்கு இப்போது பதினேழு வயது ஆகப்போகிறது. போன சனிக்கிழமை டிரைவிங் டெஸ்டில் தேறிவிட்டாள். நீயே தாத்தாவிடம் சொல் என்று போனைக் கையில் திணித்தேன். அதிசயமாக வாங்கிக்கொண்டாள்.

"தாத்தா, நான் கார் ஓட்டு, பாஸ்," என்றாள்.

எதிர்முனையில் நைனா சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். நான் ஒருபோதும் கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார். நித்யா நடுநடுவே "ம்" என்றாள், "ஓகே தாத்தா" என்றாள். என்னிடம் பேசாமலே வைத்துவிட்டார்.

"தாத்தா என்ன சொன்னார்?" என்றேன். அவள் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

"ரொம்ப ஃபாஸ்ட்டா பேசினார்ப்பா. பாட்டி பத்தி ஏதோ சொன்னார். அப்புறம், நான் நல்லாத்தான் ஓட்டினேன்னு ரெண்டு தடவை சொன்னார். அப்புறம் கிளட்ச், கிளட்ச்னு நிறைய." செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, கிளட்ச்னா என்ன?"

வா, காட்டுகிறேன் என்று கார் நிற்கும் இடத்துக்கு அவளை அழைத்துப்போனேன். கதவைத் திறந்து, ஓட்டுபவரின் காலடியைக் குனிந்து காட்டும்போதுதான் நினைவு வந்தது. பிரேக் இருந்தது, ஆக்சிலேட்டர் இருந்தது. கியர் தானாகவே மாறுகிற இந்த ஊர்க் கார்களில் மூன்றாவது மிதி கிடையாது.

"எங்கே?" என்றாள் நித்யா.

"இதில் இல்லை," என்றேன்.